தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கிய மூன்று வரி

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் வாசகர் கண்டுபிடிக்கப்பட்டார்.

இருபத்தாறு வருடமாக இந்தப் பத்திரிகையில் துணை ஆசிரியராகக் குப்பை கொட்டுகிறேன். ஒருநாளும் அவரைப் பார்த்ததில்லை. புது ஆசிரியர் வந்து மூன்றே வாரத்தில் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். திரையில் படம் போட்டுக் காட்டினார். வட்ட முகம், சிரித்த வாய், கையில் மடித்த பேப்பர். வயது முப்பத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஒரு செய்தியில் அவர் கவனம் நிற்கும் நேரம் ஒன்பது விநாடி.

"இவருக்காகத்தான் எழுதுறோம். வேற யாருக்காகவும் இல்ல."

"ஒம்பது செகண்டு முடிஞ்சதும் என்ன சார் பண்ணுவாரு?" என்று கேட்டேன்.

"வேற எங்கயாவது போயிடுவாரு."

"அடுத்த பக்கத்துக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டார்கள்.

இனி எந்தச் செய்தியை எழுதினாலும் கம்ப்யூட்டரே மதிப்பெண் போடும். நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்கினால் பச்சை. குறைந்தால் சிவப்பு, பக்கத்துக்குப் போகாது. ஒரு வாக்கியத்துக்கு எட்டுச் சொல்தான். கடினச் சொற்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு சொல்லுக்கு ஒரு பட்டியல், பக்கத்திலேயே மாற்றுச் சொல். 'நிராகரிப்பு' என்று எழுதக்கூடாது. 'இல்லை என்று சொன்னார்கள்'. 'பரிசீலனை' கூடாது; 'பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்'. இரண்டாவது மட்டும் உண்மையிலேயே துல்லியம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மேசையிலிருந்து மேசைக்குப் போவதற்குள் ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பிரின்சிபால்.

மார்ச் 4, செவ்வாய்

என் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைக் கருவியில் போட்டுப் பார்த்தார்கள். முப்பத்தொன்று. பதினான்கு வருடப் பத்தி, இன்றோடு ஃபெயில்.

மார்ச் 6, வியாழன்

இயந்திரத்தை மட்டும் நம்பக்கூடாதாம். மனிதரும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு அறிவிப்புச் செய்தியையும் அச்சுக்குப் போகுமுன் வாசல் காவலாளிக்கு வாசித்துக் காட்டவேண்டும். அவர் ஒரு பதிவேட்டில் 'புரிந்தது' அல்லது 'புரியவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திடுவார். மற்றச் செய்திகளுக்கும் அவ்வப்போது அவரைக் கூப்பிடுவார்கள்.

காவலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். எங்களைவிட நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. முதல் நாளே தலையங்கத்தை வாசித்துக் காட்டினார்கள். கேட்டு முடித்துவிட்டு யோசித்து, 'புரியவில்லை'யில் டிக் போட்டார். தலையங்கத்தை எழுதியது பிரின்சிபால். கருவி அதற்கு எண்பத்தொன்பது கொடுத்திருந்தது.

காவலாளியை உள்ளே கூப்பிட்டு அனுப்பினார்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"எது புரியலன்னு கேட்டாங்க சார். ஒவ்வொரு வரியும் புரியுது, மொத்தமா என்ன சொல்ல வர்றீங்கன்னுதான் புரியலன்னேன். அது கருவிக்குள்ள வராதாம்."

அதற்குப் பிறகு வந்த ஏழு செய்திக்கும் 'புரிந்தது'.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா காலையில் போன் செய்தாள். பத்தி இல்லாததைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்க்கா. பக்கத்துல இடம் இல்ல."

"சினிமாக்காரிக்கு முக்கால் பக்கம் இருக்கு, உனக்கு இல்லையா?"

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஆஸ்பத்திரிச் சலவையகத்தில் முப்பது வருடம் வேலை செய்து போன வருடம் ஓய்வு. அத்தான் போய் ஒன்பது வருடம், பிள்ளைகள் இல்லை. தினமும் எங்கள் பேப்பரை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படிப்பாள், வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு. அவளுக்கு ஒரு முறை உண்டு. எந்தச் செய்தியையும் இரண்டு தடவை படிப்பாள். தினமும் காலையில் போன் போட்டு, "இன்னிக்கு எதுடா உன்னோடது?" என்று கேட்பாள். நான் சொன்னதை மட்டும் ஒரே தடவை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நீ எழுதுனதுல என்ன சந்தேகம்?" என்றாள். எனக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான்.

அவள் இருக்கிற வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். பதிலுக்கு அடுக்குமாடியில் வீடு. டோக்கன் போன வருடத்துக்கு முந்தைய வருடமே வாங்கிவிட்டாள். அரிசி டப்பாவில் பத்திரமாக இருக்கிறதாம். மற்றபடி அவளுடைய புகார், போன வருடம் எல்லா வீட்டுக்கும் நம்பரை மாற்றி, பலகையைக் கோணலாக அடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பது. "பன்னெண்டா இருந்தேன், முப்பத்தொண்ணாயிட்டேன். தபால்காரன் எதிர்வீட்டுக் கடிதாசியெல்லாம் எனக்குக் குடுக்குறான். நானும் படிச்சிட்டுத்தான் குடுக்குறேன்."

புது வீட்டில் மூன்றாம் மாடி கேட்டிருக்கிறாள். முட்டிவலிக்காரி எதற்கு மூன்றாம் மாடி என்றேன். "இத்தனை வருஷம் எல்லாரும் என் ஜன்னலைத்தான் எட்டிப் பாத்தாங்க. இனி நான் பாக்குறேன்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

'காலமானார்' கடினச் சொல். இன்றைய மரண அறிவிப்புகள் ஒன்பதிலும் 'செத்துப்போனார்' என்று மாற்றிவிட்டது கருவி. யாரும் கவனிக்கவில்லை, பதிவேட்டில் காவலாளியின் கையெழுத்தும் இருக்கிறது. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது குடும்பங்கள் போனில். ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார், மொட்டைத் தலையோடு.

பிரின்சிபால் அவரிடம், "புரியாம போச்சா சார்?" என்று கேட்டார்.

"நல்லாவே புரிஞ்சுது. அதான் வந்தேன்."

பட்டியல் இப்போது நானூற்றுப் பதினொன்று.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். "கொஞ்சம் எளிமையா எழுதினாத்தான் என்ன? உங்க பத்தியை நான் என்னிக்காவது முழுசா படிச்சிருக்கேனா?" என்றாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "உங்க அக்காகூட அஞ்சாவதுதானே?"

ஆமாம். ஐந்தாவதுதான். கணக்கு வாத்தியார் ஒருநாள் காதைத் திருகினார், மறுநாளிலிருந்து போகவில்லை. அந்த வாத்தியாரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் திரையில் பார்த்த வட்ட முகத்துக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம்? அது வேறு, இது வேறு.

மார்ச் 19, புதன்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். அதாவது ஒரு நல்ல கேலி.

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன், இந்த மாதிரி வாக்கியங்கள் இனி அருகிவிடும்: 'மறுகுடியமர்வுத் திட்டத்தின்கீழ் ஏற்கெனவே டோக்கன் பெற்றுள்ள குடியிருப்பாளர்கள், தத்தம் கதவு எண் சென்ற ஆண்டு மாற்றியமைக்கப்படாதிருக்கும் பட்சத்தில், மீண்டும் நேரில் வரத் தேவையில்லை, ஏனையோர் இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நேரில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.'

இதை எழுதிய குமாஸ்தா மூச்சு விடாமல் இருக்கப் பழகியவர். ஒரே வாக்கியம். கருவியில் போட்டேன்: பத்தொன்பது.

மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். உடைத்து உடைத்து அறுபத்துமூன்று வந்தது. இன்னும் கொஞ்சம் உடைத்து, கதவு எண் மாறியவர்களுக்குத் தனியாக ஒரு வரி வைத்தேன். எண்பத்தாறு. பச்சை. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. பிரின்சிபால் பின்னால் வந்து நின்று, "சார், உங்களை மாதிரி சீனியர்களுக்கு எண்பத்தஞ்சைத் தாண்டுறதே கஷ்டம்தான், எனக்குப் புரியுது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். தோளைத் தட்டினார்! எண்பதுகளில் என்ன இருக்கிறது, இந்தக் கருவி எதைக் கேட்கிறதோ அதையே எலும்பு வரைக்கும் கொடுப்போம் என்று தோன்றியது. அந்தத் தனி வரியைத் தூக்கினேன். மிச்சம் இது:

'புது வீட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டீர்களா? நீங்கள் வர வேண்டாம். வாங்காதவர்கள் 31ஆம் தேதிக்குள் வாருங்கள்.'

தொண்ணூற்றெட்டு. கருவி கைதட்டுவதுபோல் ஒரு சத்தம்கூட எழுப்பியது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

இதைப் பார்த்தாவது அந்த மனிதருக்கு உறைக்கும். செய்தியைக் கொன்று சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறேன் என்று தெரியும்.

காவலாளியிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, தானும் ஒருமுறை வாங்கிப் படித்தார்.

"டோக்கன்ல பழைய வீட்டு நம்பர் இருந்தா என்ன பண்றது சார்?"

"அதெல்லாம் இதுல இல்ல. இதுல இருக்குறது புரியுதா, இல்லையா?"

"புரியுது சார்."

"அப்ப டிக் போடுங்க."

போட்டார். ஒரு காவலாளிக்கு இருக்கிற சந்தேகத்தைப் பாருங்கள்! நல்ல நகைச்சுவை. பத்தி இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை எழுதியிருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

மூன்றாம் பக்கம், கீழே, பெட்டிச் செய்தி. அக்கா போன்.

"இன்னிக்கு எதுடா உன்னோடது?"

மூன்று வரியை என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒண்ணும் இல்லக்கா."

மார்ச் 24, திங்கள்

பரிசு கொடுத்துவிட்டார்கள்.

கேலி புரியவில்லை. 'இந்த வாரத்தின் எளிய செய்தி' என்று அந்த மூன்று வரியைப் பெரிதாக அச்சிட்டு, கீழே என் முழுப்பெயரைப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கையில் கொடுத்தார்கள். கூடவே ஒரு பிளாஸ்க். பிரின்சிபால் பேசினார்: "பழைய தலைமுறையாலயும் முடியும்னு சார் காட்டிட்டாரு." எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து நின்று நன்றி சொன்னேன். எட்டுச் சொல்லுக்குள்.

சட்டத்தை வீட்டில் அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தேன். பிளாஸ்க் நல்ல பிளாஸ்க். சூடு நிற்கிறது.

மார்ச் 31, திங்கள்

குறிப்பிட ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்கா அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் இது இரண்டாம் தடவை. காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவர் நின்றுகொண்டிருந்தார்.

வீடு ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். அவள் பெயர் இல்லை.

"பன்னெண்டாம் நம்பர்னு டோக்கன் இருக்கு. இப்ப பன்னெண்டுல வேற ஆளு இருக்கான். முப்பத்தொண்ணுக்கு டோக்கனே இல்லைங்குறான் ஆபீஸ்காரன். நம்பர் மாறுனவங்க நேர்ல வந்து மாத்தியிருக்கணுமாம். தேதி போயிடுச்சாம்."

"அறிவிப்பு வந்துச்சேக்கா?" என்று கேட்டது என் வாய்தான்.

"வந்துச்சே, உன் பேப்பர்லதான். டோக்கன் இருந்தா வர வேண்டாம்னு போட்டிருந்துச்சு. அதான் போகல." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கத்தரித்து நான்காக மடித்து வைத்திருக்கிறாள். "உன் பேப்பர்ல எவனோ பாதியைத் தின்னுட்டான்டா. எவன்னு தெரிஞ்சா கேளு."

கேட்கிறேன் என்றேன்.

"நீ எப்பவும் ரெண்டு தடவை படிப்பியே?" என்றும் கேட்டேன்.

"மூணு வரி. அதுல ரெண்டாந்தடவை படிக்க என்னடா இருக்கு? நீளமா இருந்தா நாலு தடவை படிச்சிருப்பேன். இது பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு."

நான் அந்த வாசலில் நின்று என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பட்டியலைப் பரிசீலிப்பார்கள் என்று ஏதோ. பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றாள்.

உள்ளே போனேன். வேறு எங்கே போவது?

ஏப்ரல் 9, புதன்

அவளுடைய வரிசையில் நம்பர் மாறிய டோக்கன்காரர்கள் பதினாறு வீடு. ஐந்து பேர் பேப்பர் படிக்காதவர்கள். அவர்கள் வீட்டுவசதி அலுவலகச் சுவரில் ஒட்டிய நீளமான வாக்கியத்தை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போய்ப் பதிந்துவிட்டார்கள். வீடு கிடைத்துவிட்டது. மீதிப் பதினொன்று எங்கள் வாசகர்கள்.

திருத்தம் போடவேண்டும் என்று பிரின்சிபாலிடம் போனேன்.

"எது சார் தப்பு? டோக்கன் இருந்தா வர வேண்டாம். சரிதானே?"

"எல்லாருக்கும் சரியில்ல. ஒரு வரி விட்டுப்போச்சு."

"விட்டது யாரு?"

"நான்."

"அது தப்பு இல்ல சார், அதுதான் எளிமை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "திருத்தம்னு போட்டா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுவும் பரிசு வாங்குன செய்தி. விளக்கம்னு வேணா போடுவோம். எண்பத்தஞ்சுக்கு மேல வரணும், பாத்துக்கோங்க."

நியாயமாகச் சொன்னால் அவர்மேல் கோபப்பட எனக்கு வக்கில்லை. எண்பத்தாறில் அந்த வரி இருந்தது. அவர் கேட்டது எண்பத்தைந்துதான். மீதிப் பன்னிரண்டு மதிப்பெண்ணுக்காக எடுத்தது நான். எளிமை செய்த வேலை இல்லை இது. என் புத்திசாலித்தனம் செய்த வேலை. கருவிகூட அந்த வரியை ஏற்றுக்கொண்டது ஐயா, எனக்குத்தான் வேண்டியிருக்கவில்லை! யாரைக் கேலி செய்தேன்? பேப்பரை விரல் வைத்துப் படிக்கிறவளையா?

வெளியே வரும்போது காவலாளி எழுந்து நின்றார்.

"அன்னிக்கே கேட்டேன் சார்."

"அப்ப எதுக்கு டிக் போட்டீங்க?"

"புரியுதான்னு கேட்டீங்க. புரிஞ்சுது. சரியான்னு நீங்க கேக்கலையே."

ஏப்ரல் 10, வியாழன்

விளக்கம் வெளியானது. ஏழாம் பக்கம். 'டோக்கனில் பழைய எண் இருந்தால் கேளுங்கள்.' யாரை, எப்போது, எங்கே என்றெல்லாம் இல்லை. தொண்ணூற்றைந்து.

ஏப்ரல் 17, வியாழன்

அக்காவோடு வீட்டுவசதி அலுவலகம். காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை பெஞ்சில். மின்விசிறி எங்களைத் தவிர எல்லோருக்கும் காற்று கொடுத்தது.

படிவத்தை நான் பூர்த்தி செய்கிறேன் என்று வாங்கினேன். நான் படித்த படிப்பும் எழுதிய பத்தியும் இதற்காவது உதவட்டும். 'மேல்முறையீட்டாளர்' என்ற இடத்துக்கு எதிரே அவள் பெயரை எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மேலே அசல் விண்ணப்ப எண் கேக்குறான் பாரு, அதை விட்டுட்ட. இங்க சான்றொப்பம் வேணும். இணைப்புல ரெண்டு நகல். இல்லன்னா திருப்பி அடிச்சிருவான்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தான் போனப்ப வாரிசுச் சான்றிதழுக்கு ஒம்பது மாசம் நடந்தேன். ஆஸ்பத்திரியில ஓய்வூதியத்துக்கு நடந்தேன். தெரியாம எப்படிடா? எங்களுக்கு வர்ற கடிதாசியெல்லாம் இந்த மொழியிலதான் வருது."

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, சித்தாள் வேலை செய்கிறவள், "அக்கா, 'உரிய வழிமுறைப்படி'ன்னா என்ன?" என்று கேட்டாள்.

"இன்னும் மூணு தடவை வரணும்னு அர்த்தம்" என்றாள் அக்கா.

எங்கள் பட்டியலின் நானூற்றுப் பதினொரு சொல்லில் பாதிக்கு மேல் அந்தப் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவன் என்று நாங்கள் யாரை வைத்துக்கொண்டிருந்தோமோ, அவன் திரையில்தான் இருக்கிறான்.

திரும்பும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். 'நான்தான் எழுதினேன்.' இரண்டே சொல். கருவியில் நூறு வாங்கும். பஸ்ஸில் கூட்டம். சொல்லவில்லை.

"கேட்டியாடா, எவன்னு?" என்றாள்.

"கேட்டேன். யாருன்னு தெரியலக்கா."

ஏப்ரல் 23, புதன்

மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தேன். இன்று மறுபடி கேட்டாள், அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா என்று. "எங்க கடையில சீட்டு புரியலன்னா மருந்து குடுக்க மாட்டோம். தப்பா குடுத்துட்டா ஓடிப்போய்ச் சொல்லுவோம். ஒளிஞ்சு நிக்க மாட்டோம்."

"ஒதுக்கீட்டுப் பட்டியல்ல அக்கா பேர் வந்துடுச்சுன்னா சொல்ல வேண்டிய தேவையே இருக்காது."

"அப்படியா?" என்று மட்டும் சொன்னாள். இந்த 'அப்படியா'வுக்கு எந்தக் கருவியாலும் மதிப்பெண் போட முடியாது.

ஏப்ரல் 30, புதன்

கடிதம் வந்துவிட்டது. அக்கா கூப்பிட்டாள், போனேன். அவள் அதை என் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்திருந்தாள். நான் எடுத்துப் படித்தேன்.

'அறிவிப்பு நாளிதழ்களில் முறையாக வெளியிடப்பட்டுள்ளமையால், தகவல் கிடைக்கப்பெறவில்லை எனும் தங்கள் வாதம் ஏற்புடையதன்று. மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது.'

இணைப்பாக எங்கள் மூன்றாம் பக்கத்தின் நகல். அந்தப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். யாரும் உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வெளியாகியிருக்கிறது, அது போதும்.

இதை எப்படிச் சொல்வது? "அக்கா, இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, கொஞ்ச நாள்..." என்று ஆரம்பித்தேன். எங்கள் கடினச் சொல் பட்டியலின் மாற்றுச் சொல் தானாக வந்து விழுந்தது.

"நிராகரிக்கப்படுகிறதுன்னு போட்டிருக்குடா" என்றாள். "காலையிலேயே ரெண்டு தடவை படிச்சிட்டேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா?"

பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

மே 11, ஞாயிறு

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, அரிசி டப்பா. டோக்கன் இன்னும் அதிலேயே இருக்கிறது. முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். தரைத்தளம். ஜன்னல் வழியாகப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

வரிசை வீடுகளை வெள்ளிக்கிழமையே இடித்துவிட்டார்கள். பார்க்கப் போனாள். "நம்பர் பலகை மட்டும் கோணாம நிமிந்து கிடந்துச்சு மண்ணுல" என்றாள்.

மே 13, செவ்வாய்

இன்று மாலை வீட்டுக்கு வந்தபோது முன்னறையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். அலமாரியை நகர்த்தியிருக்கிறாள். அதன் பின்னால் இருந்ததையும் துடைத்து, தன் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆணியில் மாட்டியிருந்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இந்த வாரத்தின் எளிய செய்தி. மூன்று வரி. கீழே என் முழுப்பெயர்.

நான் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே நின்றேன்.

"உன் பேர் போட்டிருக்கே, எதுக்குடா பின்னாடி சொருகி வச்ச? தூசி" என்றாள். குரலில் ஒன்றுமில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா..."

"படிச்சேன்."

"அன்னிக்கு நான் என்ன நெனச்சேன்னா..." அதற்கு மேல் வரவில்லை. இருபத்தாறு வருடம் அடுத்தவர்களுடைய வாக்கியங்களை முடித்துக் கொடுத்திருக்கிறேன். எதை நினைத்தேன்? ஒரு மனிதன் என் தோளைத் தட்டினான் என்பதற்காக உன் வீட்டை... எப்படிச் சொல்வது?

அவள் காம்புகளைத் தனியாகக் குவித்து, காகிதத்தில் சுருட்டினாள். இன்றைய பேப்பர்தான். "பிளாஸ்க்கும் அதுக்குக் குடுத்ததுதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சூடு நல்லாத்தான் நிக்குது."

மே 14, புதன்

சட்டத்தைக் கழற்றிவிடவா என்று மனைவியிடம் கேட்டேன். "மாட்டினவங்க கழட்டட்டும்" என்றாள்.

மே 22, வியாழன்

சட்டம் ஆணியிலேயே இருக்கிறது.

அறிவிப்புகளை இப்போது காவலாளியிடம் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். சரியா என்று கேட்கிறேன். நேற்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் எழுதியதில் எழுபத்தொன்பது வந்து சிவப்பாக நின்றது. உடைத்து உடைத்து, எதையும் தூக்காமல், எண்பத்தைந்துக்குக் கொண்டுவர மாலை ஆகிவிட்டது. முடிகிறது. அதுதான் கொடுமை. அன்றும் முடிந்திருந்தது.

இன்று காலை அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள். இங்கே வந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. இன்று கேட்டாள்.

"இதுல எதுடா உன்னோடது?"

நான்காம் பக்கத்தில் தடுப்பூசி முகாம் அறிவிப்பைக் காட்டினேன். "இது. நான் எழுதுனது."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். விரலை வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். முடித்ததும் தலையை ஆட்டினாள். பக்கத்தைத் திருப்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலை எடுத்து மறுபடி முதல் வரியில் வைத்தாள்.